முதல் பரிசு வாங்கிய புல்வெட்டி

சென்னப்பன் பிறந்த இடத்தில் முதலில் கேழ்வரகு விளைந்தது. பிறகு கம்பெனி விளைந்தது. ஓசூரை ஒட்டி இரண்டே முக்கால் ஏக்கர். எழுபதுகளின் நடுவில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, நிலம் போன வீட்டுக்கு ஒரு வேலை உண்டு என்று சொன்னார்கள். சொன்னபடியே கொடுக்கவும் செய்தார்கள், ஒன்பது வருடம் கழித்து.

தோட்ட வேலை. கேழ்வரகுக்கு நடுவே முளைத்த புல்லைப் பிடுங்கியே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு, அதே மண்ணில் புல்லை வளர்க்கும் பொறுப்பு. தண்ணீர் விட வேண்டும், உரம் போட வேண்டும், வளர்ந்ததும் வளர்ந்த குற்றத்துக்காக வெட்ட வேண்டும். மாட்டுக்கும் போடக் கூடாது. வெட்டியதைக் குழியில் கொட்டி மூட வேண்டும். இதற்கெல்லாம் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று சென்னப்பன் முதல் வருடம் நம்பினார். இரண்டாவது வருடம் நம்புவதை விட்டுவிட்டு வேலையை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினார். பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர் இந்தத் தெளிவுக்கு வந்து சேர அறுபது வயதாகிறது.

பல்சக்கரம் செய்கிற அந்தக் கம்பெனிக்கு அமெரிக்காவில் ஒரு கூட்டாளி உண்டு. 1986இல் அங்கிருந்து வந்த துணைத்தலைவர், ஆபீஸ் முன்னால் எட்டுப் பெண்கள் வெயிலில் குந்திக்கொண்டு அரிவாளால் புல் அறுப்பதைப் பார்த்தார். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி சென்னப்பனின் மனைவி நாகம்மாள். துணைத்தலைவரின் மனம் உருகிவிட்டது. ஊர் திரும்பியதும் மறக்காமல் ஓர் எந்திரத்தைக் கப்பலில் அனுப்பிவைத்தார். நான்கு டயர், ஒரு ஸ்டீயரிங், உட்கார மெத்தை வைத்த இருக்கை, வயிற்றுக்கடியில் சுழலும் கத்தி. ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டலாம். அது வந்து இறங்கிய வாரமே எட்டுப் பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். இரக்கம் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்து அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

வண்டி ஒன்றரை வருடம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஓட்டுவதற்கு ஒரு பதவி தேவை, பதவிக்கு ஓர் ஆணை தேவை. ஆணை வந்தபோது பர்சனல் ஆபீசர் ரத்தினவேல் சென்னப்பனைக் கூப்பிட்டார். கோவில்பட்டிக்காரர், எதையும் ஃபைலுக்குள் வைத்தால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்பவர்.

"வண்டி ஓட்டுவியாய்யா?"

"ஓட்டுவனுங்க சார்."

என்ன வண்டி என்று அவர் கேட்கவில்லை. மாட்டு வண்டி என்று இவரும் சொல்லவில்லை.

"சரி. ஜூலை ஒண்ணாந்தேதியிலிருந்து ஆறு மாசம் உனக்குச் சோதனைக் காலம். வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா டிசம்பர் கடைசியில பர்மனென்ட் ஆபரேட்டர். ஓடலைன்னா கார்டன் வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டுருவோம். வண்டி இல்லாத ஆபரேட்டரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அது 1988. நாற்பத்திரண்டு வயதில், தன் பழைய நிலத்தைச் சுற்றிச் சுற்றி வரும் நிரந்தர உரிமைக்குச் சென்னப்பன் தேர்வு எழுதத் தொடங்கினார்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் வண்டி சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. வீட்டில் பேசுவது தெலுங்கு, ஆபீசில் தமிழ், இந்த வண்டியோடு மட்டும் அவர் கன்னடத்தில் பேசினார். நிலத்தோடு விட்டுப்போன மாடுகளிடமும் அந்தக் காலத்தில் கன்னடத்தில்தான் பேசுவார். காலையில் முதுகில் ஒரு தட்டு, மாலையில் துடைத்துத் தார்ப்பாய். கம்பெனியில் வேறு யாரும் தன் எந்திரத்தை அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாக் கேடும் அந்தப் பிரியத்திலிருந்துதான் தொடங்கியது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. வருடம் முழுவதும் எண்ணெய் காட்டாத எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் காட்டுகிற நாள். எது நன்றாகப் பராமரிக்கப்பட்ட எந்திரம் என்று கம்பெனியில் பரிசு கொடுப்பார்கள். நன்றாக ஓடுகிற எந்திரத்துக்கு அல்ல. அதைக் கண்டுபிடிக்க நேரமாகும். பளபளப்பைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

சென்னப்பனுக்கு ஒரு கொள்கை உண்டு. சாமி முன்னால் வைக்கிற எதையும் அடிப்பக்கமும் கழுவ வேண்டும். ஏர் ஓட்டிய காலத்தில் கொழுவைக் கழற்றி, மரம் படிந்த இடத்தையும் தேய்த்துத்தான் பொட்டு வைப்பார். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் கழுவுவது மனுசனை ஏமாற்றும், சாமியை ஏமாற்றாது.

வண்டியின் மூக்குப் பக்கம், எஞ்சினுக்கு அருகில், கையகல அலுமினியப் பெட்டி ஒன்று இரண்டு போல்ட்டில் மாட்டியிருந்தது. முதுகில் விலா எலும்பு போல வரிகள். அதன் ஓரத்தில் இரும்பு லேசாகத் துருப்பிடித்திருந்தது. ஸ்டோரில் லேத்துக்கு அடிக்கிற பச்சை எனாமலை வாங்கிவந்து, பெட்டியைக் கழற்றி, கீழே இருந்த இரும்பை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட் அடித்தார். பெட்டியின் ஆறு பக்கமும் அடித்தார். மரைக்குள் துரு ஏறக் கூடாதென்று போல்ட்டுகளையும் பெயிண்டில் முக்கியெடுத்து மாட்டினார். பேட்டரி ஒயர்களை மட்டும் தொடவில்லை. ஷாக் அடிக்கும் என்று பயம்.

மதிப்பெண் போட ரத்தினவேலும் மெயின்டெனன்ஸ் எஞ்சினியர் மூர்த்தியும் வந்தார்கள். மூர்த்தி முழுக்கைச் சட்டைக்காரர். அன்று நல்ல நாள் என்பதால் குனிந்தார். பெட்டிக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார். துளி துரு இல்லை.

"மெயின்டெனன்ஸ்னா இதுதான்!" என்று பொரி தின்றுகொண்டிருந்த எண்ணூறு பேர் முன்னால் மைக்கில் சொன்னார். சென்னப்பனுக்கு முதல் பரிசு. சாப்பாடு எடுத்துப்போக மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்குப்போசி. ரத்தினவேல் கொடுக்க, சென்னப்பன் வாங்க, மூர்த்தி நடுவில் சிரிக்க, போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

பத்தாவது நாள் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் தொண்டை கட்டியவன் கூப்பிடுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான்.

மூர்த்தி வந்து பார்த்தார். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றி வரச் சொன்னார். சார்ஜ் ஏற்றி மாட்டியதும் வண்டி ஜம்மென்று கிளம்பியது. நான்காம் நாள் மறுபடி முனகல். மூர்த்தி புதுப் பேட்டரி வாங்கினார். அது ஐந்து நாள் வந்தது. வெளிநாட்டு வண்டிக்கு நம் நாட்டுப் பேட்டரி ஒத்துக்கொள்ளாது என்று முதல் அறிக்கை எழுதினார். பிறகு ஓசூர் தண்ணீரில் உப்பு அதிகம் என்று இரண்டாவது அறிக்கை எழுதினார். பேட்டரிக்கு ஊற்றியது ஓசூர் தண்ணீர் இல்லை, கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் என்று சென்னப்பன் சொன்னார். அறிக்கை டைப் அடித்தாகிவிட்டது என்று மூர்த்தி சொன்னார். அடித்த பிறகு ஒரு விஷயம் பொய்யாக இருக்க முடியாது.

வண்டியோடு வந்த கையேடு ஒன்று இருந்தது. அழுக்காகிவிடக் கூடாதென்று மூர்த்தி அதை பீரோவில் பூட்டி வைத்திருந்தார். இதுவரை ஒரு கைரேகைகூட அதன்மேல் படவில்லை.

சென்னப்பன் தன் அறிவுக்கு எட்டியதைச் செய்து பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டார். ஓட ஓடச் சார்ஜ் ஏறும் அல்லவா. ஏறவில்லை. ஓடுகிற எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நிறுத்தினால்தான் மறுபடி எழுந்திருக்க மறுத்தது. நவம்பர் மழையில் புல் முழங்காலை எட்டியது. டிசம்பர் இரண்டாவது வாரம் துணைத்தலைவர் மறுபடி வருகிறார் என்று செய்தி வந்தது. தான் கொடுத்த பரிசைப் பார்க்க விரும்புகிறாராம்.

பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சென்னப்பன் ஒவ்வொரு முறையும் போனது தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருந்த லால் பாஷாவின் கடைக்கு. லாரி, டிராக்டர், தளிக்குப் போகிற பஸ் எல்லாவற்றின் பேட்டரியும் அங்கேதான் வரும். லால் பாஷாவின் சட்டையில் ஆசிட் தெறித்த ஓட்டைகள் துணியைவிட அதிகம். வாய் அதற்கும் மேல்.

ஆறாவது முறை பேட்டரியை இறக்கியபோது லால் பாஷா அதைத் தொடவே இல்லை.

"சென்னப்பா, இத்த எதுக்குத் தூக்கினு வர்ற? மாமியார் வூட்டுக்குப் பொண்ணக் கூட்டினு வர்ற மாதிரி வாராவாரம்."

"பேட்டரி டவுனு பாய்."

"பேட்டரி நல்லாத்தான் இருக்குது. ஆறு செல்லும் பாத்துட்டன், ஆறும் கல்லு மாதிரி. உங்க கம்பெனிதான் டவுனு. வண்டியக் கொண்டா."

"வண்டி கேட்ட தாண்டாதுங்க. அதுக்கு எம்.டி. கையெழுத்து வேணும்."

"அப்ப நான் வர்றன்."

"நீங்க உள்ள வர்றதுக்கும் பாஸ் வேணும். மூர்த்தி சார்கிட்ட கேட்டன். ரோட்டோரத்துல லாரி பேட்டரி பாக்கறவங்களுக்கு இதெல்லாம் வெளங்காதுன்னுட்டாரு."

லால் பாஷா கடைக்குள் போய் ஒரு மீட்டரை எடுத்துவந்தார்.

"சரி. அவருக்கு வெளங்கினது என்னான்னு நானும் பாக்கறன். இந்தா மீட்டரு. வண்டிய நிறுத்தி வெச்சு பேட்டரில எவ்ளோ காட்டுதுன்னு பாரு. அப்பறம் ஓடவுட்டுப் பாரு. ரெண்டையும் எழுதினு வா."

மறுநாள் மாலை சென்னப்பன் சீட்டோடு வந்தார். நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ட். ஓடும்போதும் பன்னிரண்டரை.

"ஓடறப்ப பதினாலு காட்டணும். அப்ப சார்ஜே ஏறல. நீ இங்க ஏத்தினு போற சரக்க நாலு நாள் தின்னுட்டு பட்டினி கெடக்குது உன் வண்டி. சரி, எஞ்சின் சக்கரத்துக்கு அடியில ஒரு காயில் இருக்கும், கரண்டு அங்கதான் பொறக்குது. அதுலருந்து ரெண்டு ஒயரு எங்க போவுது?"

"ஒரு பொட்டிக்குப் போவுதுங்க. அலுமினியப் பொட்டி."

"அந்த ரெண்டையும் உருவி, ஓடறப்ப அளந்து பாரு. மீட்டர இந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்க."

அடுத்த நாள் சீட்டில் இருபத்தெட்டு என்று இருந்தது.

"காயில் நல்லாருக்குது" என்றார் லால் பாஷா. "பொட்டிலதான் என்னமோ. அதுதான் காயில் குடுக்கறத பேட்டரி திங்கற பதத்துக்கு மாத்திக் குடுக்கறது. ஒண்ணு அது செத்திருக்கணும், இல்ல அதுக்கு எர்த் கெடைக்காம இருக்கணும். என் கண்ணால பாக்காம சொல்ல மாட்டன்."

இரண்டு சீட்டையும் சென்னப்பன் மூர்த்தியிடம் காட்டினார். தெரிந்தே செய்த முட்டாள்தனம் இல்லை. உதவும் என்று நினைத்தார். மூர்த்தி வாங்கிப் பார்த்தார். அன்று மாலையே மூன்றாவது அறிக்கை தயாரானது. சார்ஜ் பெட்டி பழுது; காரணம், ஆபரேட்டர் வண்டியை முரட்டுத்தனமாகக் கையாண்டது; புதுப் பெட்டி அமெரிக்காவிலிருந்து வரப் பதினான்கு வாரம். நகல்: பர்சனல் ஃபைல், சென்னப்பன்.

பழுதுக்குக் காரணம் தேடுவது ஒரு வேலை, பழி போட ஆள் தேடுவது வேறு வேலை. கம்பெனியில் இரண்டுக்கும் ஒரே படிவம்.

"மொரட்டுத்தனமாவா? நீயா?" என்று நாகம்மாள் அன்று வீட்டில் கேட்டாள். "அதத் தொடைக்கற துணிய எனக்குக் கட்டக் குடுத்திருந்தா நான் பட்டுப்பொடவ மாதிரி கட்டினு திரிஞ்சிருப்பன்."

"ஃபைல்ல ஏறிடுச்சு நாகு. துணைத்தலைவரு வர்றதுக்குள்ள வண்டி ஓடலன்னா, அந்தப் பேப்பர வெச்சே அனுப்பிச்சுடுவாங்க."

"எட்டுப் பேரு வேலையத் தின்னுது. ஒம்பதாவது உன்னியத் திங்கப் பாக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேலியோரம் புல்லு வெட்டறது உன் வேலதான?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பாய் வேலிக்கு வெளிய குந்தினா எவன் கேக்கறது? அது ரோடு."

மூன்று அறிக்கையில் வராத யோசனை அடுப்படியிலிருந்து வந்தது. அதற்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னப்பன் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, வண்டியை மேற்கு வேலிக்கு ஓட்டிவந்தார். கட்டக் கட்டமாகப் பின்னிய கம்பிவேலி. வேலிக்கு வெளியே, சாலைப் பக்கம், லால் பாஷா குந்தியிருந்தார். கையில் மீட்டர், பக்கத்தில் டீ. பாஸ் இல்லாமல் யாரும் உள்ளே வரவில்லை. எம்.டி. கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகவில்லை. மீட்டரின் இரண்டு ஒயர் மட்டும் வேலிக் கண்ணுக்குள் நுழைந்து வந்தன.

அவர்கள் இருவரும் உட்கார்ந்த இடம் ஒரு காலத்தில் சென்னப்பனின் வரப்பு. அதைச் சொல்ல அவருக்கு அப்போது நேரமில்லை.

"ஓடவுடு" என்றார் லால் பாஷா. முள் பன்னிரண்டரையில் படுத்திருந்தது. "இந்தா, துண்டு ஒயரு. ஒரு மொனைய பேட்டரி நெகடிவ்ல வை. இன்னொரு மொனைய அந்தப் பொட்டி மேல வை."

சென்னப்பன் வைத்தார். முள் அசையவில்லை.

"பொட்டி செத்துப்போச்சா பாய்?"

"இரு. அது என்னா பச்சையா இருக்குது? அலுமினியம்னு சொன்ன?"

"பெயிண்டுங்க."

"பெயிண்டு மேல வெச்சா எப்பிடிப் போவும்? சொரண்டு."

சென்னப்பனின் கை நின்றுவிட்டது.

"என்னாப்பா?"

"முதல் பரிசு வாங்கின பெயிண்டு பாய்."

"பரிசு குடுத்தவன வந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. சொரண்டுய்யா!"

ஸ்க்ரூடிரைவர் முனையால் சென்னப்பன் கடுகளவு சுரண்டினார். போதாது என்றார் லால் பாஷா. மிளகளவு சுரண்டினார். பச்சைக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. அதன்மேல் ஒயரை வைத்தார். வேலிக்கு வெளியே முள் எழுந்து பதினாலைத் தாண்டி நின்றது. ஒயரை எடுத்தால் பன்னிரண்டரை. வைத்தால் பதினாலு. லால் பாஷா நான்கு முறை வைக்கச் சொல்லி, நான்கு முறையும் ரசித்தார்.

"பொட்டி உசுரோடதான் இருக்குது. எர்த்து கெடைக்கல. அதோட உடம்பு வண்டி உடம்பத் தொட்டாத்தான் அது வேல செய்யும். பொட்டிக்கும் வண்டிக்கும் நடுவுல பெயிண்ட ஊத்திப் பிரிச்சு வெச்சிருக்கான் ஒரு மகராசன். அதுக்கு அடியிலகூட அடிச்சிருக்கான் பாரு. போல்ட்டயும் வுட்டு வெக்கல. யார்ப்பா அந்த அறிவாளி?"

சென்னப்பன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நாந்தான் பாய்."

லால் பாஷா டீயைக் குடித்து முடித்தார். திட்டுவார் என்று சென்னப்பன் காத்திருந்தார். "ஒழுங்கா வேல செஞ்சிருக்க" என்றார் லால் பாஷா. "சோம்பேறி எவனாவது அடிச்சிருந்தா அங்கங்க வுட்டுருப்பான், வண்டி ஓடியிருக்கும்." அவர் வாயிலிருந்து பாராட்டு என்று எதுவும் வந்திருந்தால், அது இதுதான்.

பெட்டியைக் கழற்றி, அடியையும் போல்ட்டையும் அது உட்காரும் இரும்பையும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டக் கால் மணி நேரமானது. முள் பதினாலில் ஆணி அடித்தது போல நின்றது.

"வண்டி ஓடுது. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு லால் பாஷா மீட்டரைச் சுருட்டினார்.

நல்ல ஆலோசனைதான். ஃபைலில் அந்தத் தாள் இல்லாதிருந்தால். வண்டி ஓடினாலும் அதில் சென்னப்பன் முரடன். முரடன் இல்லை என்று காட்ட வேண்டுமானால் உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். உண்மைக் காரணமும் சென்னப்பன்தான். செய்யாத தப்பிலிருந்து தப்பிக்கச் செய்த தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எது வேலையைப் பறிக்கும் என்று யோசித்து அவர் மூன்று நாள் புல் வெட்டினார். வண்டி மூன்று நாளும் ஒரே திருப்பில் கிளம்பியது. அது வேறு அவரை உறுத்தியது.

நான்காம் நாள் ரத்தினவேல் முன்னால் போய் நின்றார்.

"சார், வண்டிய நான் மொரட்டுத்தனமா ஓட்டலைங்க. பூசைக்குப் பெயிண்டு அடிச்சன். பொட்டிக்கு அடியிலயும் அடிச்சுட்டன். அதனால சார்ஜ் ஏறல. இப்ப தேச்சு எடுத்துட்டன், ஏறுது. தப்பு என்னுதுதான். ஆனா அந்தத் தப்பு வேறங்க சார்."

ரத்தினவேல் பேனாவை மூடினார். "எந்தப் பெட்டிக்கு அடியில?"

"மூர்த்தி சார் வெரல வுட்டுப் பாத்தாருங்களே, அந்தப் பொட்டி."

ரத்தினவேல் நோட்டீஸ் போர்டு இருக்கும் திசையைச் சுவர் வழியாகவே பார்த்தார். பிறகு மூர்த்திக்கு ஆள் அனுப்பினார்.

மூர்த்தி வந்து கேட்டார். நம்பவில்லை. பெயிண்ட் அடித்தால் எந்திரம் கெடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். "அந்த வண்டியோட புத்தகத்துல?" என்று ரத்தினவேல் கேட்டார். பீரோ சாவி தேடப்பட்டது. கையேடு முதல் முறையாக மேசைக்கு வந்தது. பிரிக்கும்போது புது நோட்டுப் போல மொடமொடத்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில், படத்துக்குக் கீழே ஒரு வரி. பெட்டி அமரும் இடம் பெயிண்ட் இல்லாத வெறும் உலோகமாக இருக்க வேண்டும். அதைச் சுற்றிக் கட்டம் வேறு கட்டியிருந்தார்கள்.

மூர்த்தி அந்த வரியை நீண்ட நேரம் படித்தார். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் அவர் அதுவரை கொடுத்ததில்லை.

"அப்ப காரணம்னு என்னத்தப் போட?" என்றார் ரத்தினவேல். "ஆயுத பூஜைன்னு போட முடியாது. பெயிண்டுன்னு போட்டா, அதுக்கு யாரு பரிசு குடுத்தாங்கன்னு கேப்பாங்க. போட்டோவுல நாம மூணு பேரும் நிக்கோம்."

"சார், நான் என் தப்புன்னுதான..."

"நீ சும்மா இருய்யா. உன் தப்பை நீ தனியா வச்சுக்கிட முடியாது. எங்க கையெழுத்தும் அதுல இருக்கு."

மூர்த்தி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "ஈரப்பதம்" என்றார்.

மூன்றாவது அறிக்கை ஃபைலிலிருந்து எடுக்கப்பட்டது. நான்காவது அறிக்கை வந்தது: இப்பகுதியின் ஈரப்பதத்தால் மின் இணைப்பு பாதிக்கப்பட்டது, மெயின்டெனன்ஸ் துறை விரைந்து சரிசெய்தது. அமெரிக்காவுக்குக் கேட்டெழுதிய பெட்டியை ரத்து செய்ய யாருக்கும் நினைவில்லை. அது பதினான்காம் வாரம் வந்து, சீட்டு கட்டப்பட்டு, ஸ்டோரில் உட்கார்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கக் கூடும்.

உண்மையைச் சொல்லப் பயந்து மூன்று நாள் தூங்காத சென்னப்பனுக்கு, அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இல்லை என்பது புதுச் செய்தி.

துணைத்தலைவர் டிசம்பரில் வந்தார். புல்வெளி விரித்த பாய் போல இருந்தது. சென்னப்பன் காக்கி உடுப்பில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், உடனே கிளம்பியது. துணைத்தலைவர் கை தட்டினார், ஒரு படம் எடுத்துக்கொண்டார், பிறகு, முன்பு இங்கே புல் அறுத்த பெண்கள் எங்கே என்று கேட்டார்.

"இப்போது அவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை" என்று ரத்தினவேல் ஆங்கிலத்தில் சொன்னார். பொய் என்று சொல்ல முடியாது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சென்னப்பன் கையில் கடிதம் வந்தது. ஆபரேட்டர், நிரந்தரம். நாகம்மாளுக்கு அதைப் படித்துக் காட்டினார். அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"என்னா பாக்கற?"

"அடிப்பக்கமும் பாக்கணும்னு நீதான சொல்லுவ."

அடுத்த ஆயுத பூஜைக்கும் சென்னப்பன் வண்டியைக் கழுவித் தேய்த்துப் பச்சை எனாமல் அடித்தார். பெட்டி உட்காரும் இடத்தில் மட்டும் பழந்துணியை ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றி அடித்தார். வெறும் இரும்பில் துரு ஏறாமல் இருக்கப் பெட்டியை மாட்டிய பிறகு ஓரத்தில் வாசலின் தடவினார். ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் படாத இரும்பு வெளியே தெரிந்தது. குங்குமத்தை அதற்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

மூர்த்தி வந்து குனிந்தார். "என்ன சென்னப்பா, இங்க விட்டுப்போச்சே?"

கேலி செய்கிறாரோ என்று சென்னப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை. உண்மையாகவே கேட்டார். ஈரப்பதம் என்று கையெழுத்துப் போட்டவர், இந்தப் பத்து மாதத்தில் அதை நம்பவும் தொடங்கியிருந்தார்.

"ஆமாங்க சார். விட்டுப்போச்சு."

மூர்த்தி இரண்டு மதிப்பெண் குறைத்தார். முதல் பரிசு கேன்டீன் கிரைண்டருக்குப் போனது. சென்னப்பனுக்கு இரண்டாவது.

நாகம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக் சோப்பு டப்பா.

"போன வருசம் வண்டியக் கெடுத்த, தூக்குப்போசி குடுத்தாங்க. இந்த வருசம் ஒழுங்கா வெச்ச, சோப்பு டப்பா" என்றாள். "அடுத்த வருசம் என்னா வாங்கப் போற?"

சென்னப்பன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சோப்பு டப்பாதான்" என்றார்.